நாலு பேருக்கு வழிச்செலவு

மாமனார் இறந்த அன்று காலை பத்து மணி இருக்கும். சாமியானாக்காரர்கள் டெம்போவிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்றோடொன்று உரசி அவை எழுப்பிய சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. நான் வீட்டுக்குப் பின்னால், எங்கள் தையல் யூனிட்டுக்குள் நின்றிருந்தேன். மெஷின்களை நிறுத்தியாகிவிட்டது. பாதி தைத்த பனியன்கள் மெஷின் காலடியில் தொங்கிக்கொண்டிருந்தன. அழுவதற்கு ஒரு இடம் வேண்டும் என்று அங்கே போயிருந்தேன், அழுகை வரவில்லை.

அப்போது போன் அடித்தது. பூங்கொடி அக்கா.

பூங்கொடி அக்கா என் ஓரகத்தி. என் கணவரின் அண்ணன் மனைவி. அண்ணனை எங்கள் வீட்டில் எல்லோரும் பெரியவர் என்போம். அவர்கள் குடும்பம் அப்போது பிவண்டியில் இருந்தது. பம்பாய்ப் பக்கம், விசைத்தறி ஊர். பெரியவருக்கு அங்கே ஒரு தறிக்கூடத்தில் தறி பழுது பார்க்கிற வேலை. இரண்டு பெண்கள். மூத்தவளுக்குப் பதினாறு வயது, சின்னவளுக்குப் பதினொன்று.

காலையிலேயே என் கணவர் அவர்களுக்குச் செய்தி சொல்லியிருந்தார். இப்போது அக்கா எனக்குத் தனியாகக் கூப்பிடுகிறாள்.

“மாமன் மொகத்த எப்புடியாச்சும் பாக்கோணும் சரசு. ரயில்ல வந்தா எடுத்ததுக்கு அப்புறம்தான் வந்து சேருவோம்ங்கறாரு. பிளேன்ல வந்தாத்தான் ஆகும். நாலு பேருக்கும் டிக்கெட்டுக்குப் போட்டு உடறயா? மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்தர்றோம்.”

அழுதுகொண்டு பேசவில்லை. நிறைகுடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவள் மாதிரி, சிந்திவிடாமல் பேசினாள். எனக்குத் தெரிந்து அவள் என்னிடம் கேட்ட முதல் உதவி அது.

கேட்டதில் பாதி

போன வாரம், எட்டு மெஷின் போட்டு யூனிட் ஆரம்பித்த கதையை எழுதியிருந்தேன். அதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். எட்டு மெஷின் ஓடுகிற வீட்டுக்குச் சொந்தபந்தங்களிடமிருந்து போன் அதிகமாக வரும். தைக்கக் கொடுக்கிற கம்பெனியிலிருந்து நமக்குப் பணம் வருவதற்கு மூன்று மாதம் ஆகும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. வாசலில் வெட்டுத் துணியோடு வேன் நின்றாலே, சரசு வீட்டில் பணம் புழங்குகிறது என்றாகிவிடும்.

கல்யாணத்துக்குக் கேட்டால் தள்ளிப் போடலாம். காது குத்துக்குக் கேட்டால் சிரித்து மழுப்பலாம். சாவுக்குப் போக வழிச்செலவு வேண்டும் என்று கேட்டால் மட்டும் இல்லை என்று சொல்ல வாய் வராது. அது கேட்கிறவர்களுக்கும் தெரியும்.

மூலனூரில் எங்கள் தூரத்துச் சித்தப்பா ஒருவர் இறந்தபோது, வெள்ளகோவிலிலிருந்து ஒரு மச்சினர் கூப்பிட்டார். எட்டுப் பேர் வருகிறோம், கார் பிடிக்க வேண்டும், கையில் இல்லை என்றார். அனுப்பினேன். சாவு வீட்டில் பார்த்தால், மனிதர் தன் மொபெட்டில் ஒற்றை ஆளாக வந்து இறங்குகிறார். வண்டிக் கைப்பிடியில் ஒரு மாலை தொங்குகிறது. என்னைப் பார்த்ததும், மற்றவர்களுக்குத் திடீரென்று வேலை வந்துவிட்டது என்றார். மாலை நல்ல மாலை. அதை மறுக்க முடியாது.

அதற்குப் பிறகு நானே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். கேட்டதில் பாதி கொடுப்பது. உண்மையிலேயே போக வேண்டியவர்களுக்கு அது எப்படியும் போதும், மற்றவர்களுக்கு அதுவே அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பல வருடம் இந்த வழக்கம் எந்த வம்பும் இல்லாமல் ஓடியது. என் சாமர்த்தியத்தைப் பற்றி எனக்கே கொஞ்சம் பெருமைகூட.

அந்தப் பழக்கத்தில்தான் பூங்கொடி அக்காவிடமும் பேசினேன்.

“பிள்ளைகளுக்குப் பரீட்சை சமயமில்லீங்களாக்கா? அதுகள பக்கத்து ஊட்ல விட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் மட்டும் வாங்க. ரெண்டு டிக்கெட்டுக்கு இப்பவே போட்டு விடறேன்.”

தேன் தடவிய மாதிரிதான் சொன்னேன். அவளுக்குப் பின்னால் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“செரி கண்ணு” என்றாள்.

பணத்தைப் போனிலேயே அனுப்பிவிட்டு முன்பக்கம் வந்தேன். என் கணவர் ஐஸ் பெட்டியின் பக்கத்தில் நின்றிருந்தார். அண்ணன் வீட்டில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டார். ரெண்டு பேருங்க என்றேன். நாலு பேருக்குக் கேட்டாள் என்று சொல்லவில்லை.

காரணம்

எங்கள் வீட்டில் பண விஷயம் என் கையில். அன்று வியாழக்கிழமை. சனிக்கிழமை கூலிக்காக எடுத்து வைத்த பணம் பீரோவில் இருந்தது, அதைத் தொட முடியாது என்று காரணம் சொல்லிக்கொள்ளலாம். பல நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அதைத் தொடாமலே நாலு டிக்கெட்டுக்கு என்னிடம் இருந்தது. முந்தின நாள்தான் ஒரு கம்பெனியிலிருந்து பழைய பாக்கி வந்திருந்தது.

உண்மையான காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மாமனார் பல்லடத்தில் பத்துத் தறி வைத்து ஓட்டியவர். தைப்பூசத்துக்குத் தவறாமல் பழனிக்கு நடந்து போகிறவர். மாமியார் போன இரண்டாம் வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. அப்போது பெரியவர் குடும்பம்தான் அவரோடு அந்த வீட்டில் இருந்தது.

ஆறு வருடம் பூங்கொடி அக்கா அவரைப் பார்த்துக்கொண்டாள். குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, மலம் அள்ளி, எல்லாம். நாங்கள் திருப்பூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போவோம். அவர் வேட்டி எப்போதும் வெள்ளையாக இருக்கும், அறையில் ஒரு வாடை இருக்காது. அதற்கு எவ்வளவு பாடுபட வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை.

பிறகு தறி நொடித்தது. கடனுக்குத் தறிகளை இரும்பு விலைக்குப் போட்டார்கள். பெரியவர் பிவண்டிக்குப் போக முடிவு செய்தார். மாமனார் எங்கள் வீட்டுக்கு வந்தார். அக்கா கிளம்பிய அன்று அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர், இரண்டு நாள் ஒரு வாய் சாப்பிடவில்லை.

எங்கள் வீட்டில் இரண்டு வருடம் இருந்தார். நானும் குறை வைக்கவில்லை. யூனிட்டில் டெலிவரி நெருக்கடி இருந்தாலும் நேரத்துக்குக் கஞ்சி கொடுப்பேன், படுக்கை மாற்றுவேன். ஆனால் மனிதர் என்னைப் பூங்கொடி என்றுதான் கூப்பிடுவார். தண்ணீர் வேண்டுமானால் “பூங்கொடி”. திரும்பிப் படுக்க வேண்டுமானால் “பூங்கொடி”. முதலில் ஞாபக மறதி என்று சிரித்தேன். என் கணவரையும் வந்து போகிறவர்களையும் அவரவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று கவனித்த பிறகு சிரிப்பு வரவில்லை.

கடைசிக் காலையிலும் அதே பெயரைத்தான் சொன்னார். நான் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

இரண்டு மணி நேரம் கழித்து அந்தப் பெயருக்கு உரியவள் போனில் நாலு டிக்கெட் கேட்டாள். நான் பாதி என்றேன். இதற்கு மேல் இதை விளக்க எனக்குத் தெரியவில்லை.

டாக்ஸியில் வந்தவர்

மறுநாள் பகல் பன்னிரண்டரைக்கு மின்மயானத்தில் நேரம் வாங்கியிருந்தார்கள். தகப்பனுக்கு மூத்த மகன் கொள்ளி வைக்க வேண்டும். ஒன்பது மணியிலிருந்தே எல்லோர் கண்ணும் தெருமுனையில். பக்கத்துப் பனியன் கம்பெனிக்காரர், எங்கள் வீட்டிலிருந்து எடுக்கும் வரை மெஷின் ஓட்ட வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருந்தார். அந்தத் தெருவில் பகலில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை.

பத்து மணிக்குக் கோயமுத்தூர் விமான நிலையத்திலிருந்து டாக்ஸி வந்தது. பெரியவர் இறங்கினார். தோளில் ஒரு சின்னப் பை. முதல் தடவை விமானத்தில் வந்த களைப்போ என்னவோ, கால் தரையில் பாவாமல் நடந்தார். பெண்கள் எழுந்து அழத் தொடங்கினார்கள். நான் டாக்ஸியின் அந்தப் பக்கக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டுநர் பின்னால் பார்த்து வண்டியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

பெரியவர் அப்பன் காலடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து கை கால் கழுவப் பின்பக்கம் வந்தவர், என்னைக் கண்டதும் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார்.

“அவ குடுத்துரச் சொன்னாளுங்க.”

ஒரு டிக்கெட்டுக்கான பணம். டாக்ஸிக்குக்கூட அதிலிருந்து எடுக்கவில்லை.

“அக்கா ஏனுங்க வரல?”

“பெரியவளுக்குப் பதினாறு வயசாச்சுங்க. லைன் வீடு. சுத்தி எல்லாம் ராத்திரி ஷிப்டு ஆம்பளைங்க. எப்புடிங்க தனியா உட்டுட்டு வாறது?” தம்பி மனைவியிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்கிறதே என்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். “யாராச்சும் ஒருத்தர் போகோணும்னா கொள்ளி வெக்கறவன் போகோணும்னு அவளே சொல்லிட்டா.”

எனக்கும் ஒரு மகள் உண்டு. கல்லூரிக்குப் போகிறவரை அவளை ஒரு ராத்திரி தனியாக விட்டதில்லை. பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறேன்.

போனில் பார்த்த முகம்

எடுப்பதற்கு முன் பெரியவர் அவளை வீடியோவில் கூப்பிட்டார். சடங்குக்குக் கூப்பிட்டதால் போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஐஸ் பெட்டிக் கண்ணாடி மேல் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணாடியில் பனி படர்ந்திருந்தது. முந்தானையால் துடைத்துத் துடைத்துக் காட்டினேன்.

திரையின் மூலையில் பூங்கொடி அக்காவின் முகம் ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. இரண்டு பெண்களும் அவள் தோளுக்குப் பின்னால். அவள் அழவில்லை. கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். இங்கே சுற்றிலும் ஒப்பாரி. அவள் ஏதோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. போனைக் காதுக்கு அருகில் கொண்டுபோனேன்.

“மாமனுக்கு எடது பக்கம் வகிடு, சரசு. மாத்தி வாரி உட்டிருக்குது.”

இரண்டு வருடம் தினமும் நான்தான் அவருக்குத் தலை வாரிவிட்டேன். வலது பக்கம்தான் வகிடு எடுத்தேன். அவர் ஒருநாள்கூட அதைச் சொன்னதில்லை. சொல்ல முயன்று, நாக்கு குழறி விட்டுவிட்டாரோ என்னவோ.

குளிப்பாட்டிய பிறகு நானே சீப்பை வாங்கி இடது பக்கம் வகிடெடுத்து வாரினேன். தலைமுடி ஈரமாக, குளிர்ந்துபோய் இருந்தது. அப்படி வாரியதும் அவர் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது. பல்லடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்த முகம்.

அமாவாசைக்கு அழைத்தது

இப்போதெல்லாம் லீவு கிடைக்காததால் எங்கள் பக்கம் பல வீடுகளில் மூன்றாம் நாளே கருமாதியையும் முடித்துவிடுகிறார்கள். நாங்களும் அப்படியே செய்தோம். பெரியவர் அன்று மாலையே ரயிலேறினார்.

யூனிட் மறுபடி ஓடத் தொடங்கியது. நூல் வாடை, எண்ணெய் வாடை, பீஸ் குறைகிறது என்று கம்பெனியிலிருந்து சத்தம். எல்லாம் பழையபடி. ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கவர் பீரோவில் சேலைகளுக்கு அடியில் இருந்தது. அதை எடுத்து எதற்கும் செலவு செய்ய முடியவில்லை.

ஒரு வாரம் கழித்து அக்காவைக் கூப்பிட்டேன். வருகிற அமாவாசைக்குப் படையல் போடுகிறோம், நாலு பேரும் வர வேண்டும், டிக்கெட் நானே எடுத்து அனுப்புகிறேன் என்றேன். பேசும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. கடை மூடிய பிறகு தள்ளுபடி கொடுக்கிற குரல்.

அவள் கோபப்படவில்லை. சின்னவளின் சளியைப் பற்றிச் சொன்னாள். திருப்பூரில் மழை உண்டா என்று கேட்டாள். பிறகு சொன்னாள்.

“டிக்கெட்டெல்லாம் வேண்டாங் கண்ணு. மொகம் பாக்கறதுக்குத்தான் கேட்டேன். படத்துக்குப் பூப் போடறத நான் இங்கயே போட்டுக்கறேன்.”

அன்று மதியம் யூனிட்டில் காலர் எண்ணிக்கொண்டிருந்தவள் மூன்று தடவை கணக்கை விட்டேன். நாலாவது தடவை எண்ணவில்லை. எழுந்து போய் என் கணவரிடம், பிவண்டிக்கு இரண்டு டிக்கெட் எடுங்க என்றேன்.

“எதுக்கு?”

“துக்கம் கேக்கறதுக்குங்க.”

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். சாவு நடந்தது எங்கள் வீட்டில். ஊரே எங்களிடம் வந்து துக்கம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறது. ஆனாலும் சரி என்றார். அந்தக் கவரிலிருந்த பணத்தை எடுத்துத்தான் டிக்கெட் போட்டோம்.

ரயிலில் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். நாலு பேருக்குக் கேட்டது, என்னிடம் பணம் இருந்தது, ஏன் பாதி கொடுத்தேன் என்பது, எல்லாம். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். ஒரு முழுப் பகல் என்னோடு பேசவில்லை. சாயங்காலம் ஒரு ஸ்டேஷனில் இறங்கி இரண்டு டீ வாங்கி வந்தார். ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு, “அண்ணனுக்கு இது தெரிய வேண்டாம். அண்ணிகிட்ட நீயே சொல்லு” என்றார்.

பிவண்டி

கல்யாண் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோவில் போனோம். சந்துக்குள் நுழைந்ததுமே தறிச் சத்தம். கண்ணை மூடிக்கொண்டால் பல்லடம்தான். ஒரு வரிசையாகத் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை வீடுகள், நடுவில் சாக்கடை, மேலே கொடி கட்டித் துணிகள். என் கணவர் அண்ணனைப் பார்க்க எதிர்ச் சந்திலிருந்த தறிக்கூடத்துக்குப் போனார். வழி கேட்டு நான் மட்டும் வீட்டுக்குப் போனேன்.

கதவு திறந்திருந்தது. பூங்கொடி அக்கா தரையில் உட்கார்ந்து கண்டு நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தலையெல்லாம் பஞ்சு. ஒரு பக்கச் சுவரில், வெறும் காகிதத்தில் அச்சடித்த மாமனாரின் படம். அதற்கு மேல் ஒரு சரம் செவ்வந்தி.

என்னைப் பார்த்ததும் நூலைக் கீழே வைத்தாள். எழுந்திருக்கவில்லை.

“அன்னைக்கு எங்கிட்ட பணம் இருந்துச்சுங்கக்கா” என்றேன். வேறு வார்த்தையெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது இதுதான்.

“தெரியும்” என்றாள்.

“மாமா கடைசி வரைக்கும் உங்க பேரத்தான் சொன்னாருங்க.”

அவள் முகம் அப்போதுதான் கலைந்தது. நான் செருப்போடு உள்ளே போய்விட்டேன் என்பதே பிறகுதான் தெரிந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் பக்கம் சாவு வீட்டில் பெண்கள் செய்வதுபோல ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டோம். அவள் குரலெடுத்து அழுதாள். பதினைந்து நாளாக அடக்கி வைத்தது. அவரை எடுத்த அன்றுகூட வீடியோ முடிந்ததும் நூல் வேலையில் உட்கார்ந்துவிட்டாளாம். அந்த லைனில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பிணம் இல்லாத வீட்டில் எப்படி அழுவது, என்ன சொல்லி அழுவது என்று தெரியவில்லையாம். எனக்கும் அப்போதுதான் அழுகை வந்தது.

சத்தம் கேட்டு லைனிலிருந்த பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நாலைந்து பேர். ஒருத்தி கையில் பிசைந்த மாவு அப்படியே இருந்தது. முன்னால் நின்ற வயதான அம்மாள் யார் இறந்தது என்று இந்தியில் கேட்டாள். எங்கள் யூனிட்டில் பீகார்ப் பெண்கள் மூன்று பேர் தைக்கிறார்கள். அவர்களோடு பேசிப் பேசி அந்த அளவுக்கு இந்தி எனக்குப் பிடிபடும். அதனால் நான் முந்திக்கொண்டு, “இன்கா சசுர்” என்றேன். இவருடைய மாமனார்.

பூங்கொடி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை, அந்த அம்மாளைப் பார்த்துச் சொன்னாள்.

“நஹீ. மேரா பாப்.”

இல்லை, என் அப்பன்.

அந்த அம்மாள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். நூல் கண்டுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, அக்காவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள்.